புரையேறும்போது கழுத்துக்குள் என்ன நடக்கிறது?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 36. மூன்று வாரத்துக்கு முன் பேசிக்கொண்டே தண்ணீர் குடித்தபோது புரையேறிவிட்டது. வழக்கமாக வரும் இருமல் போல இல்லை. சட்டென்று மூச்சே அடைபட்டது. காற்று உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கூப்பிட வாயைத் திறந்தால் குரல் எழவில்லை. பிறகு ‘கீ’ என்ற சத்தத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியது. அரை நிமிடம்கூட இருந்திருக்காது என்கிறார் கணவர். எனக்கோ ஒரு யுகமாக இருந்தது. அன்றிலிருந்து எதை விழுங்கவும் பயம். கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்ததில் நடுவில் கெட்டியாக, வரிவரியாக ஏதோ தட்டுப்படுகிறது. கட்டியாக இருக்குமோ? பக்கவாதம் வந்து எட்டு மாதமான என் மாமியார் (வயது 70) தண்ணீர் குடித்து ஒரு நாளும் இருமியதில்லை. இடையில் இரண்டு முறை நெஞ்சுச்சளியோடு காய்ச்சல் வந்ததைத் தவிர அவருக்குத் தொந்தரவு இல்லை. அவருக்கே வராதது எனக்கு வருகிறதென்றால் என் மூச்சுக்குழாயில்தான் கோளாறா? வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை வேறு இருக்கிறான். அவனுக்கு இப்படி ஆனால் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நீங்கள் கேட்ட கேள்விகள் கண்ணில் பட்டன. இரண்டாம் முறை, கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். தயவுசெய்து அதுவரை படியுங்கள். முதலில் உங்கள் பயத்தைப் பார்த்துவிடுவோம்.

கழுத்தில் தட்டுப்படும் அந்த ‘வரிகளில்’ இருந்தே தொடங்கலாம். ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முகவாயைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலை முகவாய்க்குக் கீழே, கழுத்தின் நடுக்கோட்டில் வைத்து மெதுவாக இறக்குங்கள். முதலில் ஒரு மேடு வரும். அதன் உச்சியில் சிறு வெட்டு இருக்கும். ஆண்களுக்கு இது துருத்திக்கொண்டு கண்ணுக்கே தெரியும். பெண்களுக்குப் பெரும்பாலும் விரலுக்கு மட்டும்தான் தெரியும். இது தைராய்டு குருத்தெலும்பு, அதாவது குரல்வளையின் முன்சுவர். குரல் நாண்கள் இரண்டும் இதற்குப் பின்னால்தான் இருக்கின்றன. இன்னும் கீழே வந்தால் விரல்நுனி பதியும் அளவுக்கு மெத்தென்று ஒரு பள்ளம். அதைத் தாண்டியதும் மீண்டும் கெட்டியாக ஒரு வளையம். இதன் பெயர் கிரிகாய்டு. மோதிரம் போன்றது என்று அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பொருள். நம் மூச்சுப் பாதையில் முழு வட்டமாக இருக்கும் ஒரே குருத்தெலும்பு வளையம் இதுதான். இதன் கீழ் விளிம்பில் மூச்சுக்குழாய் தொடங்குகிறது.

அங்கிருந்து விரலை இன்னும் இறக்குங்கள். சிறிது தூரம் மெத்தென்று இருக்கும். தைராய்டு சுரப்பியின் நடுப்பகுதி மூச்சுக்குழாயின் இரண்டாவது வளையத்திலிருந்து நான்காவது வளையம் வரை அதன்மேல் படுத்திருக்கிறது. அதற்கும் கீழே, மார்பெலும்பின் மேல் விளிம்பில் இருக்கும் தொண்டைக்குழி வரை, ஒன்றன்கீழ் ஒன்றாக மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். மெலிந்த கழுத்தாக இருந்தால் எண்ணக்கூட முடியும். நீங்கள் தொட்டுப் பயந்த வரிகள் அவைதான் என்று நினைக்கிறேன். நாங்களும் நோயாளியின் தொண்டைக்குழியில் விரலை வைத்து மூச்சுக்குழாய் நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப்போனால் குழாய் அந்தப் பக்கம் இழுபடும். நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு பக்கம் காற்று அடைத்துக்கொண்டு அழுத்தினால் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். பெரிய கருவி எதுவும் இல்லாமல் ஒரு விரல் சொல்லிவிடும் செய்தி இது.

கட்டியா என்ற கேள்விக்கு, கடிதத்தைப் படித்து ‘இல்லை’ என்று எழுதிக்கொடுப்பது சரியாகாது. நடுக்கோட்டில், வரிசையாக, ஒரே அளவில் இருப்பது வளையங்களாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பக்கமாகத் திரண்டிருப்பது, நாளுக்கு நாள் பெரிதாவது, அசைக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருப்பது, குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேலாகியும் தெளியாமல் இருப்பது இவற்றில் எது இருந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். எச்சில் விழுங்கும்போது மேலே ஏறி இறங்கினால் கட்டி இல்லை என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். தைராய்டு கட்டியும் விழுங்கும்போது ஏறி இறங்கும். எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வாருங்கள். மூக்கு வழியாக எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழலை விட்டுக் குரல்வளையைப் பார்க்கச் சில நிமிடம்தான் ஆகும். திரையில் நீங்களே பார்க்கலாம். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

இப்போது அந்தக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் அன்று உங்களுக்கு நடந்தது புரியும்.

வளர்ந்தவர்களின் மூச்சுக்குழாய் 10 முதல் 12 செ.மீ. நீளம், அகலம் ஏறக்குறைய 2 செ.மீ. உங்கள் கட்டைவிரல் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி கழுத்தில், மீதி நெஞ்சுக்குள். தொண்டைக்குழியிலிருந்து மார்பெலும்பின் மேலேயே விரலை இறக்கினால் ஏறக்குறைய 5 செ.மீ. கீழே குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அந்த மட்டத்தில் குழாய் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு நுரையீரலுக்கும் ஒரு கிளை போகிறது. அந்தக் கிளைகள் மேலும் மேலும் பிரிந்து, 23 தலைமுறைக் கிளைகளுக்குப் பிறகு கோடிக்கணக்கான காற்றுப்பைகளில் முடிகின்றன.

குழாயைத் திறந்து வைத்திருப்பவை 16 முதல் 20 குருத்தெலும்பு வளையங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது உண்மையில் நாம் உறிஞ்சுகிறோம். ஈரமான காகிதக் குழலை வைத்து உறிஞ்சிப் பாருங்கள், உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சுக்குழாய் அப்படி ஒட்டாமல் இருப்பது இந்த வளையங்களால்தான். பின்னால் ஒட்டியபடி இறங்கும் உணவுக்குழாய்க்கு இந்த ஏற்பாடு கிடையாது. உணவு வராத நேரத்தில் அது தட்டையாகச் சுருங்கித்தான் கிடக்கிறது. காற்றின் பாதை மட்டும் ஒரு நொடிகூட மூடிக் கிடக்க முடியாது. மூச்சுக்குழாய்க்கு டிரக்கியா என்ற பெயர் வந்த கதையும் இந்த வளையங்களோடு சம்பந்தப்பட்டதுதான். பழங்காலக் கிரேக்கர்கள் தமனிகளிலும் காற்றுதான் ஓடுகிறது என்று நினைத்தார்கள். அதனால் மேடும் பள்ளமுமாக இருக்கும் இந்தக் குழாயைச் ‘சொரசொரப்பான தமனி’ என்று அழைத்தார்கள். தமனியில் ஓடுவது இரத்தம் என்று பிற்பாடு தெரிந்தது. ‘சொரசொரப்பான’ என்ற பாதிப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த வளையங்கள் முழு வட்டங்கள் இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புத் தரும் விஷயம். குதிரை லாடம் போல முன்னும் பக்கமும் மட்டும் வளைந்து, பின்பக்கம் திறந்திருக்கின்றன. அந்தத் திறப்பைத் தசையும் சவ்வும் மூடியிருக்கின்றன. பெரிய கவளமாக விழுங்கும்போது உணவுக்குழாய் முன்பக்கம் புடைக்க இந்த மெத்தென்ற சுவர் இடம் கொடுக்கிறது. இதைவிட முக்கியமான வேலை இருமும்போது நடக்கிறது. அதற்கு வருகிறேன்.

இரண்டு குழாய்களும் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பலர் கேட்பார்கள். கருவின் நான்காவது வாரத்தில் அவை ஒரே குழாய்தான். உணவுப் பாதையின் முன்சுவரிலிருந்து ஒரு மொட்டு கிளம்பி, அதுவே மூச்சுக்குழாயாகவும் நுரையீரலாகவும் வளர்கிறது. இடையில் ஒரு தடுப்பு உருவாகி இரண்டும் பிரிகின்றன. சில ஆயிரம் பிறப்புகளில் ஒன்றில் இந்தப் பிரிவு முழுமையாக நடப்பதில்லை. அந்தக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் வாயில் நுரை தள்ளும், பால் கொடுத்தால் உடம்பு நீலம் பாரிக்கும். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும். மற்றவர்களுக்குக் கீழே இரண்டும் தனித்தனிக் குழாய்கள், மேலே தொண்டை மட்டும் பொது வழி. வாழ்நாள் முழுக்க உணவும் காற்றும் அந்த ஒரே சந்திப்பைக் கடந்துதான் போக வேண்டும்.

அந்தச் சந்திப்பைக் காப்பது குரல்வளை. அதன் முதல் வேலை பேசுவது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் காவல்தான் முதல் வேலை. பேச்சு பிறகு வந்தது. விழுங்கும்போது கழுத்தில் விரலை வைத்துப் பாருங்கள். குரல்வளை முழுதுமே மேலே எழும்பி முன்னால் நகர்ந்து, நாக்கின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இலை போன்ற குரல்வளை மூடி பின்பக்கமாகச் சாயும். அதற்குக் கீழே குரல் நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று இறுகச் சேரும். அந்த நேரத்தில், ஏறக்குறைய ஒரு நொடி, மூச்சு நிற்கிறது. பாடப் புத்தகங்களில் மூடியை மட்டும் பெரிதாக வரைந்துவிடுகிறார்கள். ஆனால் புற்றுநோய்க்காக மூடியை அகற்றியவர்களில் பலர் பயிற்சிக்குப் பின் நன்றாகவே விழுங்குகிறார்கள். காவலின் பெரும்பங்கு, குரல்வளை மேலெழுவதிலும் நாண்கள் இறுகச் சேர்வதிலும் இருக்கிறது. விழுங்கி முடித்ததும் பெரும்பாலும் நாம் மூச்சை வெளியே விடுகிறோம். வாசலில் ஒட்டிய துளி எதுவும் உள்ளே போகாமல் ஊதித் தள்ள உடம்பே செய்துகொண்ட ஏற்பாடு இது.

நீங்கள் பேசிக்கொண்டே குடித்தீர்கள். பேச நாண்கள் காற்றுக்கு வழிவிட வேண்டும், பேச்சுக்கு நடுவில் மூச்சை உள்ளே இழுக்கவும் வேண்டும். விழுங்க அவை மூட வேண்டும். இரண்டு கட்டளைகளும் ஒரே நொடியில் வந்தன. தண்ணீர் உணவைவிட வேகமாக ஓடும் என்பதால் நாண்கள் மூடுவதற்கு முன் ஒரு துளி அவற்றின்மேல் விழுந்திருக்கும். உடம்பிலேயே தொடு உணர்வு மிகக் கூர்மையான இடங்களில் ஒன்று அது. வேகஸ் நரம்பின் கிளை வழியாகச் செய்தி மூளைத்தண்டுக்குப் போனதும், அது உங்களைக் கேட்காமலேயே கதவைச் சாத்திவிட்டது. நாண்கள் இறுகிப் பூட்டிக்கொண்டன. இதைக் குரல்வளை இறுக்கம் என்று சொல்வோம். பூட்டிய கதவு வழியாகக் காற்று போகாது. குரலும் எழாது, ஏனென்றால் நாண்களுக்கு இடையே காற்று ஓடி அவை அதிர்ந்தால்தான் குரல். பிறகு இறுக்கம் கொஞ்சம் தளர்ந்து, மெல்லிய இடுக்கு வழியாகக் காற்று நுழைந்தது. நீங்கள் கேட்ட ‘கீ’ சத்தம் அதுதான். கதவு திறக்கத் தொடங்கியதன் அடையாளம் அது.

ஆக, சகோதரி, அன்று உங்கள் மூச்சுக்குழாயில் கோளாறு ஏற்படவில்லை. அதன் காவல் தேவைக்கு அதிகமாகவே வேலை செய்தது. இந்த இறுக்கம் பொதுவாகச் சில நொடிகளில், அதிகம் போனால் ஒரு நிமிட அளவில் தானாகவே விடுபடும். இன்னொரு முறை வந்தால் வாயைப் பிளந்து காற்றை விழுங்கப் பார்க்காதீர்கள். வேகமாக இழுக்க இழுக்க நாண்கள் இன்னும் நெருங்கும். முன்னால் குனிந்து, தோளைத் தளர்த்தி, வாயை மூடி மூக்கு வழியாக மெதுவாக, சிறுகச் சிறுக இழுங்கள். உதட்டைக் குவித்து மெல்ல வெளியே விடுங்கள். அந்த நேரத்தில் யாரும் தண்ணீர் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே தடுமாறும் வாசலில் இன்னும் தண்ணீர் ஊற்றுவதாகிவிடும். ஒருமுறை வந்ததற்குச் சிகிச்சை தேவையில்லை. அடிக்கடி வந்தால், குறிப்பாகத் தூக்கத்தில் இப்படி மூச்சடைத்து விழித்தால், நெஞ்செரிச்சலும் இருந்தால், இரைப்பை அமிலம் மேலேறித் தொண்டையைச் சீண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மருந்து இருக்கிறது.

பிறகு இருமியிருப்பீர்கள். இருமலை ஒரு தொல்லையாகவே பார்க்கிறோம். அது நடக்கும் விதத்தைப் பார்த்தால் மரியாதை வரும். முதலில் ஆழமாக மூச்சை இழுக்கிறோம், இரண்டரை லிட்டர் வரைகூட. நாண்கள் மூடுகின்றன. வயிற்றுத் தசையும் விலாத் தசையும் சேர்ந்து அழுத்த, உள்ளே அழுத்தம் 100 மி.மீ. பாதரசம் வரை, சில நேரம் அதையும் தாண்டி ஏறுகிறது. இரத்த அழுத்தம் பார்க்கும்போது சொல்லும் மேல் எண்ணுக்கு நெருங்கிய அளவு இது. அந்த உச்சத்தில் நாண்கள் சட்டென்று திறக்கின்றன. முன்பு சொன்ன பின்சுவர் இங்கேதான் வருகிறது. நெஞ்சுக்குள் இருக்கும் அழுத்தம் அந்த மெத்தென்ற சுவரை உள்ளே தள்ள, வட்டமான குழாய் ஒரு மெல்லிய பிறைப் பிளவாகிவிடுகிறது. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறுவது போல, அந்தப் பிளவு வழியாகக் காற்று சீறிப் பாய்ந்து துளியை வாரிக்கொண்டு வெளியேறுகிறது. வளையங்கள் முழு வட்டமாக இருந்திருந்தால் இவ்வளவு வேகம் கிடைக்காது.

அன்று இருமலுக்கும் தப்பி உள்ளே போன ஒன்றிரண்டு துளிகள் என்ன ஆகியிருக்கும் என்ற கவலையும் வேண்டாம். குழாயின் உள்சுவரில் நுண்மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 200. நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை எல்லாம் ஒரே திசையில் வீசி, மேலே படர்ந்திருக்கும் சளிப் படலத்தை நிமிடத்துக்கு அரை முதல் ஒரு செ.மீ. வேகத்தில் தொண்டையை நோக்கி ஏற்றுகின்றன. தூசியும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். அதை நாள் முழுதும் நமக்குத் தெரியாமலே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். புகையிலைப் புகை இந்த மயிர்களை மந்தமாக்கி, நாளடைவில் அழித்துவிடுகிறது. புகைப்பவர்களின் காலை இருமல் அதன் விளைவுதான்: மயிர்கள் ஏற்றாத சளியை இருமித் தள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது புகைப்பவராக இருந்தால் குழந்தைக்காகவாவது நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திய முதல் சில வாரம் இருமல் கூடலாம். மயிர்கள் மீண்டும் எழுந்து வேலையைத் தொடங்குகின்றன என்று அர்த்தம். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி தொடங்கிவிடக் கூடாது.

இனி குழந்தை. இங்கே நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லப்போவதில்லை. கவனமாக இருங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன்.

பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் 4 செ.மீ. நீளம், அகலம் 4 அல்லது 5 மி.மீ. ஒன்றரை வயதில் அதைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். குழாய் குறுகினால் காற்றுக்கு எவ்வளவு தடை ஏற்படும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்காகாது, 16 மடங்காகும். 4 மி.மீ. குழாயின் உள்சுவர் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் ஆரம் பாதியாகிவிடுகிறது. அதே 1 மி.மீ. வீக்கம் நமக்கு வந்தால் தொண்டை கரகரக்கும், அதோடு சரி. குழந்தைக்குச் சளி பிடித்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்றோ கொக்கரிப்பது போலவோ சத்தம் வந்தால், விலா எலும்புகளுக்கு நடுவிலும் தொண்டைக்குழியிலும் குழி விழுந்தால், காலை வரை பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். உள்ளே இழுக்கும்போது வரும் சத்தம் பெரும்பாலும் குரல்வளைப் பகுதியில் அடைப்பு என்று சொல்கிறது. வெளியே விடும்போது வரும் வீசிங் நெஞ்சுக்குள் இருக்கும் சிறு குழாய்களைச் சுட்டுகிறது. எந்தச் சத்தம் என்று கவனித்துச் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள்தான் பொருள்களை மூச்சுக்குழாய்க்குள் இழுத்துக்கொள்வதில் முன்னணியில் இருப்பவர்கள். கடைவாய்ப் பற்கள் முழுதாக வந்திருக்காது. எல்லாம் வாய்க்குப் போகும். ஓடிக்கொண்டே, சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்கள். நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகளை முழுதாக நான்கு ஐந்து வயது வரை கொடுக்கவே வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் கீறிக் கொடுங்கள். ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் குழாயின் வாயில் சவ்வு போல ஒட்டிக்கொள்ளும், எடுப்பது கடினம். பொம்மைகளில் இருக்கும் வட்ட பட்டன் பேட்டரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது உணவுக்குழாயில் சிக்கினாலும் ஆபத்து. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சுவரைப் பொசுக்கத் தொடங்கிவிடும். அந்தப் புண் மூச்சுக்குழாய் வரை ஓட்டை போட்டுவிடலாம். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

இங்கே எனக்கு ஒரு குழந்தை நினைவுக்கு வருகிறாள். இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. கடலை தின்னும்போது கடுமையாக இருமினாள், முகம் சிவந்தது, பிறகு இருமல் நின்று விளையாடப் போய்விட்டாள். பெற்றோரும் நிம்மதியானார்கள். பத்து நாள் கழித்துக் காய்ச்சலோடு வந்தாள். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் இடது நெஞ்சில் மூச்சொலி தெளிவாக இருந்தது. வலது பக்கம் யாரோ போர்வையைப் போர்த்தியது போல மங்கலாகக் கேட்டது. எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. அடைபட்ட பக்கம் காற்று வெளியேற முடியாமல் தேங்கி நிற்பதுதான் தெரிந்தது. மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் பார்க்க உதவும் பிராங்கோஸ்கோப் என்ற குழலை உள்ளே இறக்கி, வலது கிளையில் ஊறி உப்பிப்போயிருந்த அரைக் கடலையை எடுத்தோம். இடுக்கியில் நசுங்கிவிடும் அளவுக்கு மெத்தென்று ஆகியிருந்தது. அது வெளியே வந்ததும் திரையில் அந்தக் கிளையின் வாய் மூச்சுக்கு மூச்சு திறந்து மூடியதை நான் மறக்கவில்லை. ஒரு பொருள் உள்ளே போய்த் தங்கிவிட்டால், முதல் இருமல் ஓய்ந்து குழாய் அதற்குப் பழகிக்கொள்ளும். அந்த அமைதியான நாட்களில்தான் உள்ளே சீழ் பிடிக்கும். பலமாகப் புரையேறிய குழந்தை பிறகு சாதாரணமாக விளையாடினாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இப்படி எடுப்பதற்கு ஒரு வழி 1897 வரை இருக்கவில்லை. அந்த ஆண்டில்தான் ஜெர்மனியில் குஸ்தாவ் கில்லியன் என்ற மருத்துவர் ஒரு குழலை உள்ளே விட்டு, ஒருவருடைய வலது கிளைக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டை எடுத்தார். பிறகு அமெரிக்காவில் செவாலியே ஜாக்சன் என்பவர் இந்தக் கலையை வளர்த்தார். அவர் நோயாளிகளின் மூச்சுக்குழாயிலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் எடுத்த ஊக்கு, காசு, பொத்தான், பொம்மைத் துண்டு என்று 2,300-க்கும் மேற்பட்ட பொருள்கள் பிலடெல்பியாவில் உள்ள முட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. பெரியவர்களுக்கு வலது பக்கமே அதிகம் போவதற்குக் காரணம், வலது கிளை அகலமாகவும் குட்டையாகவும், கிட்டத்தட்ட நேராகவும் இறங்குவது.

கண்ணெதிரே அடைத்துக்கொண்டால் செய்ய வேண்டியதை இப்போதே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தை சத்தமாக இருமினால், அழுதால், காற்று போய்வருகிறது என்று அர்த்தம். இருமவிடுங்கள், முதுகில் தட்டவோ வாயில் விரலை விடவோ வேண்டாம். இருமல் சத்தமே இல்லாமல் வாய் மட்டும் திறந்து மூடினால், உதடு நீலமானால், அது முழு அடைப்பு. உடனே அவசர ஊர்தியைக் கூப்பிட ஒருவரை அனுப்பிவிட்டு, குழந்தையை முன்பக்கமாகக் குனிய வைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். வரவில்லையென்றால் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கையை முஷ்டியாக வைத்து மறு கையால் பற்றி, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்துங்கள். 1974-ல் ஹென்றி ஹெய்ம்லிக் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய முறை இது. நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்றைக் கொண்டே இருமலை உண்டாக்குகிறோம். பொருள் வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது; முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி ஐந்து தட்டு, பிறகு மல்லாத்தி மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் இன்னும் கீழே இறங்கிவிடும். நினைவிழந்தால் தரையில் கிடத்தி உயிர்காப்பு முதலுதவியை (சி.பி.ஆர்.) தொடங்க வேண்டும். இதை எழுத்தில் படிப்பது போதாது. முதலுதவிப் பயிற்சி வகுப்பில் பொம்மையை வைத்துச் செய்து பழகுங்கள், கணவரையும் அழைத்துப் போங்கள். வயிற்றில் அழுத்தி எடுத்த பிறகு, குழந்தை நன்றாக இருந்தாலும் உள்காயம் இல்லையா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இப்போது என்னை நிறுத்திய வரி. உங்கள் மாமியார் பக்கவாதத்துக்குப் பிறகு தண்ணீர் குடித்து ஒரு நாளும் இருமியதில்லை, இரண்டு முறை நெஞ்சுச்சளியோடு காய்ச்சல் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இருமாததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அந்த இரண்டு செய்திகளும் சேர்ந்து வந்ததுதான் உறுத்துகிறது.

உங்கள் தொண்டையில் ஒரு துளி விழுந்ததும் கதவு பூட்டிக்கொண்டது. பக்கவாதத்தில் அந்த உணர்வைக் கொண்டுபோகும் பாதையோ, அதைக் கேட்டு உத்தரவிடும் மூளைப் பகுதியோ பாதிக்கப்பட்டால், நாண்கள் தாமதமாக மூடும். துளி உள்ளே போனாலும் இருமல் எழாது. ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் தண்ணீரும் எச்சிலும் வாயிலுள்ள கிருமிகளோடு சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கலாம். நிமோனியா திரும்பத் திரும்ப வர இது ஒரு முக்கியக் காரணம். அவருக்கு அப்படித்தான் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடக்கிறதா என்று பரிசோதிக்காமல் விடக் கூடாது என்கிறேன்.

இன்று அவர் தண்ணீர் குடித்து முடித்ததும் பேச்சுக் கொடுத்துக் குரலைக் கேளுங்கள். தொண்டையில் தண்ணீர் தேங்கியது போல் கொளகொளவென்று ஒலிக்கிறதா? சாப்பாட்டு நேரம் முன்பைவிட நீண்டுவிட்டதா? ஒரு வாய் உணவு கன்னத்திலேயே தங்குகிறதா? எடை குறைந்திருக்கிறதா? சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்குகிறதா, உடம்பு சுடுகிறதா? ஒரு வாரம் இவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு, காய்ச்சல் வந்த தேதிகளையும், எடுத்திருந்தால் அந்த எக்ஸ்ரேக்களையும் சேர்த்து, அவரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ‘விழுங்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும்’ என்று நீங்களே கேளுங்கள். பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் முதலில் பார்ப்பார். தேவைப்பட்டால் எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள், அல்லது மூக்கு வழியாக எண்டோஸ்கோப் வைத்துக்கொண்டே விழுங்கச் சொல்வார்கள். துளி எங்கே போகிறது என்பது அதில் தெரிந்துவிடும். அதன்பின் எந்தப் பதத்தில் உணவு, தண்ணீரைக் கெட்டியாக்க வேண்டுமா, தலையை எப்படிச் சாய்த்து விழுங்க வேண்டும் என்பதை அவருக்கென்று சொல்லித் தருவார்கள். ஒருவருக்குப் பொருந்தும் தலைச்சாய்ப்பு இன்னொருவருக்குக் கெடுதல் செய்யும் என்பதால், இதை யாரையும் பார்த்து நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

பரிசோதனை நடக்கும்வரை, படுத்தபடி எதுவும் கொடுக்காதீர்கள். முதுகு நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் சிறு சிறு வாயாகக் கொடுத்து, ஒவ்வொன்றும் முழுதாக இறங்கியபின் அடுத்தது. சாப்பிடும்போது தொலைக்காட்சியும் பேச்சும் வேண்டாம். முடிந்ததும் அரை மணி நேரமாவது நிமிர்ந்தே உட்காரட்டும். காலையிலும் இரவிலும் பல்லையும் நாக்கையும் ஈறையும் தேய்த்துச் சுத்தம் செய்துவிடுங்கள். செயற்கைப் பல் இருந்தால் கழற்றிக் கழுவுங்கள். எச்சில் உள்ளே இறங்கினாலும் அதில் கிருமி குறைவாக இருந்தால் நிமோனியா வரும் வாய்ப்பும் குறையும். மறுபடி காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வேகமானாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

உங்கள் கழுத்தைக் காட்ட மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இருவரில் யாரை முதலில் காட்டுவது என்று கேட்டால், அவரைத்தான்.